பரவாயில்லை என்றால் என்ன அர்த்தம்

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் குடும்பத்தில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும். இந்த வாய் இல்லாவிட்டால் மாடி வீட்டுக்காரர் இன்னமும் எங்கள் வாசலை அடைத்துத்தான் வண்டியை நிறுத்திக்கொண்டிருப்பார். என் ஓரகத்திக்கு ஒரு வேலைகூடக் கிடைத்திருக்காது. அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. ஒரே வீட்டில் கீழே முன்கட்டில் நாங்கள், பின்கட்டில் அவர்கள். நான் பெரியவள், அவள் சின்னவள். சின்னவள் என்று சொல்கிறேனே தவிர, அவளுக்கும் காதோரம் நரைத்துவிட்டது.

அவளுடைய அப்பாவுக்கு ஆயுள் முழுக்க இரவு ஷிப்டு. காலையில் வந்து படுத்தாரென்றால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். வீடோ ஒற்றை அறை. பிள்ளைகள் ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், அம்மாக்காரி உதட்டில் விரலை வைத்துவிடுவாளாம். பசித்தால் தட்டைக் காட்டுவது, வெளியே போக வேண்டுமானால் செருப்பைக் காட்டுவது, இப்படியே வளர்ந்திருக்கிறார்கள். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பகலில் கொட்டக் கொட்ட விழித்திருந்த காலத்திலும் அந்த வீட்டில் ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. பழகிப்போய்விட்டது.

இப்படி வந்தவள் எனக்கு வாய்த்தாள். அவளுக்குக் கட்டின மாப்பிள்ளை, என் கொழுந்தனார், லாரி ஓட்டுகிறவர். அவரும் பேச்சில் கஞ்சன். வெளியூரிலிருந்து போன் செய்வார். இவள் எடுத்து "ம்" என்பாள். அவர் "ம்" என்பார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுவார்கள். அதில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

சின்னவளுக்கு உலகத்தோடு பேச ஒரே ஒரு சொல்தான் இருந்தது. பரவாயில்லை. சாப்பாட்டில் உப்புக் கூடினாலும் பரவாயில்லை, குறைந்தாலும் பரவாயில்லை. காலை மிதித்தவன் மன்னிப்புக் கேட்பதற்குள் இவள் பரவாயில்லை சொல்லிவிடுவாள். பஸ்ஸில் இறங்குமிடம் வந்தால் நிறுத்தச் சொல்ல மாட்டாள். வேறு யாராவது இறங்குகிறார்களா என்று பார்ப்பாள். இல்லாவிட்டால் அடுத்த நிறுத்தம் வரைக்கும் போய் அங்கிருந்து நடந்து வருவாள். ஒருமுறை கடைவாய்ப்பல்லைப் பிடுங்க நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் ஊசி போட்டுவிட்டுக் குறடை உள்ளே விட்டு, வலிக்கிறதா என்று கேட்டார். இவள் பரவாயில்லை என்றாள். டாக்டர் மும்முரமாகிவிட்டார். இவள் என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் விரலெல்லாம் நொறுங்கிவிடும் போலிருந்தது. நான்தான் எழுந்து, வலிக்கிறதென்று சொல்கிறாளே, காது கேட்கவில்லையா என்று சத்தம் போட்டேன். எப்போது சொன்னார்கள் என்று அந்த மனிதர் திருதிருவென்று விழித்தார்.

அவர் மேல் தப்பில்லை. சின்னவளின் பரவாயில்லைக்கு அகராதி நான் ஒருத்திதான். இழுத்துச் சொன்னால் ஒன்று, தலையைக் குனிந்துகொண்டு சொன்னால் வேறொன்று. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இல்லையென்று எதற்குச் சொல்ல வேண்டும்?

நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தது ஒரு சோபாப் பட்டறையில். முன்பக்கம் என் ராஜ்ஜியம். துணி மாதிரிப் புத்தகங்கள், ஒரு மேசை, ஒரு டெலிபோன், உட்கார்ந்து பார்க்க இரண்டு நாற்காலி. வருகிறவர்களிடம் பேசி ஆர்டர் பிடிப்பது என் வேலை. பின்பக்கம் போனால் மரச்சட்டங்கள், ஃபோம் பலகைகள், பின் அடிக்கும் துப்பாக்கியின் டப்டப் சத்தம். அதையும் தாண்டி ஜன்னலோரம் தையல் மெஷின்கள். அதில் ஒன்றில் சின்னவள். பட்டறைப் பையன்கள் அவளுக்கு 'பரவாயில்லை அக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதற்கும் அவள் பரவாயில்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

மெஷின்களுக்கும் எனக்கும் நடுவில் கட்டிங் டேபிள். ஓர் ஆள் கால் நீட்டிப் படுத்தாலும் மிச்சம் இடம் இருக்கும். பட்டறையில் வேறு எந்தத் தப்பையும் பிரித்துத் திருத்திவிடலாம். வெட்டின துணியை ஒட்ட முடியாது. அதனால் அந்த டேபிளில் நிற்கிறவர் சொல்வதுதான் அங்கே சட்டம். எங்கள் கட்டிங் மாஸ்டர் வாட்டசாட்டமான ஆள், குரலும் அப்படித்தான். இது வராது, இந்தத் துணி கிழியும், இந்த டிசைன் உங்கள் சோபாவுக்கு எடுக்காது என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொல்வார். முதலாளியையே டேபிளில் டம்ளர் வைக்க விட மாட்டார்.

சின்னவளுக்கு அந்த டேபிள் மேல் ஒரு கண். இதை யாரும் சொல்லி எனக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வெளியே போன பிறகு அவள் போய்த் துணியின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்பாள். மாஸ்டரும் பார்த்திருக்கிறார். முதலில் கைப்பிடித் துண்டுகளை வெட்டக் கொடுத்தார், பிறகு குஷன்கள். போகப் போக இவள் வெட்டினதை அவர் அளந்துகூடப் பார்ப்பதில்லை. அப்புறம் ஒருநாள், மகளோடு போய் இருக்கப் போகிறேன், வேலையை விடுகிறேன் என்று அறிவித்தார். தன் இடத்தில் யாரை வைக்கலாமென்றும் அவரே முதலாளியிடம் சொன்னார்.

முதலாளி நேராகச் சின்னவளின் மெஷினுக்கு வந்து, மாஸ்டர் டேபிளை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். நான் அப்போது முன்னால் யாருக்கோ வெல்வெட்டுக்கும் வெல்வெட் மாதிரி இருக்கிற துணிக்கும் வித்தியாசம் விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு மெஷின் நின்றதும் மறுபடி ஓடியதும் காதில் விழுந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பின்கட்டுக்குப் போனேன். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. தரையெல்லாம் செய்தித்தாள். ஒரு முழு சோபாவைத் துண்டு துண்டாகக் காகிதத்தில் வெட்டிப் பரப்பியிருந்தாள். முதுகு, இருக்கை, கைப்பிடி, கீழே தொங்கும் மடிப்பு, எல்லாம் சுத்தமாக. நடுவில் கத்தரியோடு உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னடி இது, பழைய பேப்பர்காரருக்குப் பிரிச்சு வெக்கிறியா?"

"பரவாயில்லக்கா, எடுத்துடறேன்."

நான் விடுகிற ஆளா? பக்கத்தில் உட்கார்ந்து கிண்டிக் கிளறி விஷயத்தை வெளியே எடுத்தேன். முதலாளி கேட்டாராம். சனிக்கிழமை பார்த்தால் அவர் போனில் வேறு பட்டறை ஆள் ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறாராம். திங்கட்கிழமை முடிவாகச் சொல்லிவிடுகிறேன், அதன் பிறகு அங்கே வேலையை விட்டுவிடுங்கள் என்று.

"நான் சரின்னுதான்க்கா சொன்னேன்."

"என்ன வார்த்தை சொன்னே? அப்படியே சொல்லு."

"பரவாயில்லைங்கன்னு சொன்னேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அடித்துக்கொண்டாலும் எனக்கு வயிறு எரிந்தது. காலமெல்லாம் அடுத்தவர் வெட்டிப்போட்டதைத் தைத்துக்கொண்டிருந்தவள். புதிதாக வருகிறவன் இவளைவிட இளையவன் என்று வேறு சொன்னாள். அவன் வந்து நின்றுவிட்டால், கண் மங்கிப்போகும் வரைக்கும் இவளுக்கு அந்த ஜன்னலோரம்தான். உனக்கு அந்த டேபிள் வேண்டுமா, வேண்டாமா, ஒரே பேச்சாகச் சொல் என்றேன். தலையை ஆட்டினாள். சரி, நாளைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வாயே திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது ஒன்றும் அவளுக்குக் கஷ்டமில்லையே.

திங்கட்கிழமை காலை நான் பட்டறைக்குள் நுழைந்த வேகத்தைப் பார்த்தே பின் அடிக்கிற பையன் ஓரமாக ஒதுங்கினான். முதலாளி கட்டிங் டேபிளுக்குப் பக்கத்தில் மாஸ்டரோடு நின்றுகொண்டிருந்தார். சின்னவள் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் ஆரம்பித்தேன். உழைக்கிறவர்களை உதறிவிட்டு வெளியாளைத் தேடுகிற நியாயம் எந்த ஊர் நியாயம் என்று ஒரு பிடி பிடித்தேன். முதலாளி நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் பொறுமைக்கு எல்லை உண்டு.

"ஏம்மா, நான் அவங்களைத்தான் முதல்ல கேட்டேன். அவங்களே வேணாம்னுட்டாங்க."

"எங்க வேணாம்னா? பரவாயில்லைன்னுதானே சொன்னா. அப்படின்னா வேணும்னு அர்த்தம்."

"சனிக்கிழமை டீ வேணுமான்னு கேட்டப்பவும் பரவாயில்லைன்னுதான் சொன்னாங்க. அப்ப டீ வேணும்னு அர்த்தமா?"

"இல்ல. அது வேணாம்னு அர்த்தம்."

பட்டறையே சிரித்தது. மாஸ்டர் திரும்பிக்கொண்டு சுவரைப் பார்த்துக் குலுங்கினார். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. நான் மனிதனா மந்திரவாதியா, இதையெல்லாம் நான் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அதை ஒத்துக்கொள்ளவா நான் அங்கே போனேன்? மறுபடி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"அக்கா, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க."

யார் சொன்னது என்று ஒரு விநாடி எனக்குப் புரியவில்லை. பின்னால் திரும்பினேன். சின்னவள்தான். முகம் வெளுத்து, கழுத்தில் நரம்பு தெரிய நின்றாள்.

"எனக்கு வேணும்," என்றாள்.

உரக்கப் பேசிப் பழக்கமில்லாதவள் அல்லவா, எவ்வளவு விட வேண்டுமென்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தச் சொல் தெருவுக்கே கேட்டிருக்கும். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவளே தன் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டு வாயில் கை வைத்தாள். பிறகு கையை எடுத்தாள்.

"அந்த டேபிள் எனக்கு வேணும். நான் நல்லா வெட்டுவேன். அன்னைக்கே இப்படிச் சொல்லியிருக்கணும், சொல்ல வரல. அப்புறம், அக்கா சொன்னது தப்பு. டீயும் எனக்கு வேணும்னுதான் இருந்துச்சு."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை காலம் இவள் டீ வேண்டாமென்கிறாள் என்று நான் எத்தனை தடவை இவளுக்காகச் சொல்லியிருப்பேன். எத்தனை டம்ளரை வாங்கி நானே குடித்திருப்பேன். கோபமும் வந்தது. ஊரார் முன்னால் என்னைப் பேசாமல் இரு என்கிறாளே என்று காது சூடாகிவிட்டது. அதே நேரம் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

முதலாளி உடனே மசியவில்லை. டேபிளில் நிற்பதென்றால் வெட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, அது வாய் இருக்கிற ஆளுக்கான இடம் என்றார். கேட்கிறவர்களுக்கெல்லாம் தலையாட்டிவிட்டு அப்புறம் துணியைக் கெடுத்தால் பட்டறை பெயர்தான் கெடும். நாளைக்கே ஒருவர் வந்து ஆகாததைக் கேட்டால், ஆகாது என்று இவளால் சொல்ல முடியுமா? இதை அவர் இவளைப் பார்த்து, நிதானமாகத்தான் கேட்டார்.

சின்னவள் டேபிளுக்கு அந்தப் பக்கம் போனாள். கீழ்த்தட்டிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்து மேலே போட்டு உருட்டி விரித்தாள். நீலத்தில் வெள்ளைக் கோடு. எனக்குத் திக்கென்றது. அது நான் வாங்கி வைத்த ஆர்டர்.

அந்தத் துணியைக் கொண்டுவந்தது ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா. அவர் உள்ளே வந்தால் நாற்காலியில் இருக்கிறவர்கள் தாமாக எழுந்து நிற்பார்கள். நானும் நின்றேன். இந்தத் துணி போதும் என்று நான் கணக்குப் போட்டுவிட்டேன், நீங்கள் தைத்தால் போதும் என்றார். கோடு போட்ட துணிக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்குமே என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஆகட்டும் மேடம் என்று சொல்லிவிட்டேன். நானேதான். வாய் நீளம் என்று பெயரெடுத்தவள்.

"இது பத்தாதுங்க முதலாளி," என்றாள் சின்னவள். "முதுகுல வர்ற கோடு இருக்கையில இறங்கி அப்படியே கீழ வரைக்கும் ஒரே கோடா போகணும். சேர்த்து வெட்டினா ஒரு கைப்பிடிக்குத் துணி இருக்காது. இது வந்த அன்னைக்கே சாப்பாட்டு நேரத்துல விரிச்சுப் பாத்தேன், அப்பவே எனக்குத் தெரியும். அக்கா வாக்குக் குடுத்துட்டாங்களேன்னு சொல்லாம இருந்துட்டேன்."

மாஸ்டர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்தச் சுருளை நான் இன்னும் பிரிக்கவில்லை, பிரித்திருந்தால் நானே கத்தியிருப்பேன் என்றார். என் முகத்தில் ஈயாடவில்லை. முதலாளி டேபிளில் கையை ஊன்றிக்கொண்டு, சரி, இப்போது இதை அந்த அம்மாவிடம் யார் சொல்வது என்றார். சொல்லிவிட்டு வழக்கப்படி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மாஸ்டருக்குத் திடீரென்று கத்தரியைத் துடைக்க வேண்டியிருந்தது.

"நான் சொல்றேன்," என்றாள் சின்னவள்.

முன்பக்கம் வந்து என் மேசையில், என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நம்பரைக் கேட்டாள். நானே போட்டுக் கொடுத்தேன். முதலில் தப்பாகப் போட்டு, மறுபடி போட்டேன். பின்னால் எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. ஃபோம் அறுக்கிறவர்கூட வந்து வாசற்காலில் சாய்ந்துகொண்டார். ரிசீவரில் அந்த அம்மாவின் குரல் எங்களுக்கே கேட்டது. வகுப்பு நடுவில் யாரோ கதவைத் தட்டின மாதிரி ஒரு "யெஸ்".

சின்னவள் வணக்கம் சொன்னாள். துணி பத்தாது என்று சொன்னாள். அந்தப் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. அந்த அம்மா நிறுத்தவே இல்லை. கணக்கு, கண்ணியம், வாக்கு என்று என்னென்னவோ காதில் விழுந்தது. சின்னவளின் உதடு அசைந்தது. எனக்கு அந்த உதட்டைத் தெரியும். அதிலிருந்து என்ன சொல் வரப்போகிறது என்பதும் தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"முடியாதுங்க மேடம்," என்றாள்.

ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"கோடு சேராம தைக்கலாம். தைச்சா நீங்க தினமும் அதைப் பாத்துக்கிட்டேதான் உக்காரணும். எனக்கு அது புடிக்கல. இதே துணியில இன்னும் கொஞ்சம் வாங்கித் தாங்க. கிடைக்கலைன்னா கைப்பிடிக்கு மட்டும் தனி நீலத்துல போடுறேன், அது நல்லாத்தான் இருக்கும். எது வேணும்னு நீங்க சொல்லுங்க."

இவளுக்கு ஒன்று பிடிக்கவில்லை என்று இவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இந்தக் குடும்பத்துக்கு வந்த நாளிலிருந்து இவளுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று நான்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். எதைச் சரியாகச் சொன்னேனோ, எதைத் தப்பாகச் சொன்னேனோ.

அந்தப் பக்கம் குரல் கொஞ்சம் இறங்கி வந்தது. முன்னால் ஓர் அம்மா போதும் என்று சொன்னார்களே, இப்போது பேசுவது யார் என்று கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது.

சின்னவள் தலையைத் தூக்கினாள். என்னைப் பார்க்கவில்லை. முதலாளியை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, போனில் பதில் சொன்னாள்.

"கட்டிங் மாஸ்டர் பேசுறேன் மேடம்."

முதலாளி சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்துக்கொண்டு, அந்தப் பட்டறை ஆளிடம் வர வேண்டாம் என்று சொல்லத் தெருவுக்குப் போனார்.